பத்துப் பாகை அட்சரேகைக்கு ஒரு டாப்சோனியன் அடிப்பெட்டி

என்னுடைய எட்டு அங்குல டாப்சோனியனுக்கு (குழாயை ஒரு மரப்பெட்டியில் உட்காரவைத்து, கையால் தள்ளித் திருப்புகிற தொலைநோக்கி) அடிப்பெட்டியைப் புதிதாகச் செய்து, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அதை வைத்தே ஓட்டிவிட்டேன். ஆட்டம் இல்லை, பலகை ஊதவில்லை, குழாயைத் தலைக்கு நேரே திருப்பினாலும் சிக்குவதில்லை. தென்மாவட்டத்து மொட்டைமாடியில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

தொலைநோக்கியோடு வந்த பெட்டி லேமினேட் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு. நான் இருப்பது மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தை ஒட்டி. மழை நேரடியாகப் படாமல் மாடிப்படி அறையில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் போர்டுக்குப் போதும். முதலில் அடிப்பலகையின் ஓரம் உப்பியது. பிறகு திருகுகள் பிடி விட்டன. கடைசியில் விரலால் சுரண்டினாலே தூள் உதிர்ந்தது. கண்ணாடியிலும் குழாயிலும் ஒரு குறையும் இல்லை. 203 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம், உருட்டிய இரும்புத் தகட்டுக் குழாய். நிற்கிற கால் மட்டும்தான் போயிருந்தது.

பழைய அளவையே பிளைவுட்டில் வெட்டிவிட எனக்கு மனமில்லை. 40, 50 பாகை அட்சரேகையில் இருப்பவர்களுக்கு அந்த வடிவம் போதும். நம் வானத்துக்கு அதில் ஒரு தொந்தரவு உண்டு.

திருமங்கலத்தின் அட்சரேகை 9.8 பாகை. சூரியனும் கோள்களும் போகும் பாதை, வான நடுக்கோட்டுக்கு வடக்கே 23.4 பாகை, தெற்கே 23.4 பாகை என்று வளைந்து போகிறது. லண்டனில் ஒரு கோள் எவ்வளவு ஏறினாலும் சுமார் 62 பாகை உயரத்தோடு நின்றுவிடும். நமக்கோ, கோள் தெற்கே நன்றாக இறங்கியிருக்கும் ஆண்டில்கூட அது நடுவானத்தைக் கடக்கும்போது சுமார் 57 பாகை உயரம் இருக்கும். வடக்கே ஏறியிருந்தால் தலைக்கு மேலேயே வந்துவிடும். 2026 ஜனவரியில் வியாழன் எதிர்நிலைக்கு, அதாவது வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்துக்கு, வந்தபோது மிதுனத்தில் இருந்தது. இங்கே அது 78 பாகைக்கு ஏறியது. வளிமண்டலத்தின் மிகக் குறைந்த தடிமன் வழியாகக் கோளைப் பார்ப்பதைவிடப் பெரிய கொடுப்பினை ஏது? டாப்சோனியனுக்குத் திருப்பச் சிரமமான இடமும் அதே உச்சிதான்.

காரணம் எளிது. குழாயின் வாய்ப்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளித்தான் நாம் திருப்புகிறோம். குழாய் படுத்திருக்கும்போது, சுழலும் அச்சிலிருந்து கை 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. 78 பாகைக்கு நிமிர்ந்துவிட்டால் அந்த 70 செ.மீ. வெறும் பதினைந்தாகச் சுருங்கிவிடும். அதே உராய்வை வெல்ல ஏறக்குறைய ஐந்து மடங்கு பலம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் குழாய் முதலில் அசையாது, பிறகு ஒரேயடியாக நகர்ந்து வியாழனைப் பார்வைப் புலத்துக்கு வெளியே தள்ளிவிடும். 200 மடங்கு உருப்பெருக்கத்தில் நம் பார்வைப் புலம் கால் பாகைதான்.

இதற்கு, வானம் சுழலும் அச்சிலேயே திரும்பும் தாங்கியான எக்வடோரியல் மவுன்ட் வாங்கிவிடலாமே என்று கேட்பார்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். அதன் துருவ அச்சை அட்சரேகை அளவுக்குச் சாய்க்கவேண்டும். பத்துப் பாகையில் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. பல மவுன்ட்களில் சாய்வுத் திருகு அவ்வளவு கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். சரிபார்க்கத் துருவ நட்சத்திரம் வேண்டும். அது நமக்கு வடக்கே பத்துப் பாகை உயரத்தில், தூசியிலும் ஊர் வெளிச்சத்திலும் கிடக்கிறது. என் மாடியில் அந்த இடத்தில் பக்கத்து வீட்டு வேப்பமரம் நிற்கிறது. காவலூரில் இருக்கிற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பாருங்கள். அது நிற்பது குதிரை லாட வடிவத் தாங்கி கொண்ட நுகத்தில். தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்றது என்பதாலும், வடதுருவத்தை ஒட்டிய வானத்தையும் சிரமமில்லாமல் பார்க்கலாம் என்பதாலும் அந்த அமைப்பு. பெரிய ஆய்வகமே அட்சரேகையைப் பார்த்துத்தான் தாங்கும் அமைப்பை முடிவு செய்கிறது. மொட்டைமாடிக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே டாப்சோனியனே இருக்கட்டும், உச்சித் தொந்தரவை மட்டும் பெட்டியிலேயே தீர்ப்போம் என்று முடிவு செய்தேன். இந்த வடிவத்தைப் பரப்பிய ஜான் டாப்சன், சான் ஃபிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், கான்கிரீட் தூண் வார்க்கிற அட்டைக் குழாயில் அதைப் பொருத்தினார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். கிடைக்கிற பொருளில் செய்யலாம் என்பதுதான் அந்த வடிவத்தின் உயிர். நம் ஊர் பிளைவுட் கடையும் ஆசாரியும் அதற்குத் தாராளமாகப் போதும்.

பலகை 19 மி.மீ. மெரைன் பிளைவுட். முத்திரையில் ஐ.எஸ். 710 இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். எட்டுக்கு நான்கு அடிப் பலகையில் பாதி போதும். ஆசாரி அண்ணன் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் அளவுகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பழைய பெட்டியைப் புரட்டிப் போட்டு, ஊதியிருந்த ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். “சார், வெட்டுன முனைய நல்லா அடைச்சிருங்க. தண்ணி மேல் பக்கமா ஏறாது, முனை வழியாத்தான் குடிக்கும்” என்றார். அவர் சொன்னபடியே வெட்டிய எல்லா முனைகளுக்கும் முதலில் தண்ணீராகக் கரைத்த வார்னிஷ், அது காய்ந்தபின் உப்புத்தாள், அதன்மேல் கெட்டி வார்னிஷ் இரண்டு பூச்சு. திருகு போகும் ஓட்டைகளுக்குள்ளும் வார்னிஷில் தோய்த்த குச்சியை விட்டு எடுத்தோம். பெட்டி இன்றைக்கும் அப்படியே இருப்பதற்கு அந்த முனைப்பூச்சுதான் காரணம் என்று நம்புகிறேன்.

அளவில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம், பெட்டியின் உயரம். குழாயில் நீங்கள் பயன்படுத்துவதிலேயே கனமான ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) ஃபைண்டரையும் (இடம் தேட உதவும் சிறு தொலைநோக்கி) மாட்டிவிட்டு, ஒரு பிவிசி குழாய்த் துண்டின்மேல் உருட்டிச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். எனக்கு அது அடிமுனையிலிருந்து 45 செ.மீ. வந்தது. குழாயை நிமிர்த்தும்போது அதன் அடி ஓரம் ஒரு வட்டத்தில் சுழன்று வரும். ஆகவே 45 செ.மீ. இடைவெளி போதாது. குழாயின் ஆரம் 11.5 செ.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 46.4. கை, துணி, ஒயர் சிக்காமல் இருக்க இன்னும் இரண்டரை சேர்த்து, அடிப்பலகையிலிருந்து அச்சு மையம் வரை 49 செ.மீ. வைத்தேன். சிலர் பயந்து 60 வரை வைக்கிறார்கள். உயரம் ஏற ஏறப் பக்கப்பலகைகள் துடிக்கும்.

அடுத்தது தாங்கிகள். டாப்சோனியனின் சூட்சுமம் முழுக்க இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டெஃப்லான் துண்டின்மேல் சன்மைக்கா வழுக்கவேண்டும். வழுவழுப்பானதைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக வழுக்கும் என்று தோன்றும். பளபளக்கும் சன்மைக்கா டெஃப்லானோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் துள்ளி நகரும். சொரசொரப்பான பரப்புதான் வேண்டும். நான் டெஃப்லான் துண்டையும், சாமான் எடை பார்க்கிற கொக்கித் தராசையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். மாதிரித் துண்டை மேசையில் வைத்து, அதன்மேல் டெஃப்லான், அதன்மேல் எடை. கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தால் முள் ஏறிக்கொண்டே போய், துண்டு நகரத் தொடங்கும் கணத்தில் ஒரு அளவைக் காட்டும். நகர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொரு அளவைக் காட்டும். பளபளப்பான மாதிரியில் நகர்ந்தவுடன் முள் பாதிக்குக் கீழே விழுந்தது. பொடிமணல் தூவியது போன்ற பரப்புள்ள ஒரு மாதிரியில் முள் ஏறிய இடத்திலேயே நின்றது. தொடங்கும் விசையும் ஓடும் விசையும் ஒன்றாக இருக்கிற அந்தச் சன்மைக்காதான் நமக்கு வேண்டியது. கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொரு மாதிரியாக எடுத்துப்போட்டார். கண்ணால் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

டெஃப்லான் தகடு கேஸ்கட், ரப்பர் ஷீட் விற்கும் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். எவ்வளவு பரப்பு வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ பாரம் விழுந்தால் நகர்வு மென்மையாக இருக்கும். என் குழாயும் பெட்டியும் சேர்ந்து சுமார் இருபது கிலோ. அடியில் மூன்று துண்டுகள், ஆகவே ஒவ்வொன்றும் இரண்டரை செ.மீ. சதுரம். மேலே, குழாயின் இருபக்க வட்டங்கள் உட்காரும் இடத்தில், குழாயின் எடை மட்டும் என்பதால் அங்கே உள்ள நான்கு துண்டுகளும் ஒன்றரை செ.மீ. சதுரத்துக்குச் சற்றுக் கூடுதல். டெஃப்லானில் பசை நிற்காது. தலை அமுங்கும்படி ஓட்டையை அகட்டிப் பித்தளைத் திருகு போடவேண்டும். திருகுத் தலை ஒரு மயிரிழை மேலே நின்றாலும் சன்மைக்காவில் வட்டமாகக் கீறல் விழும்.

அடிப்பலகையின் மூன்று டெஃப்லான் துண்டுகளும் மூன்று கால்களுக்கு நேர்மேலே இருக்கவேண்டும். பாரம் நேராகக் காலுக்கு இறங்கினால் பலகை வளையாது. கால்களுக்கு வாஷிங் மெஷினுக்குப் போடும் அதிர்வு தாங்கும் ரப்பரை வாங்கிப் போட்டேன். குழாயின் பக்கத்து வட்டங்களுக்கு 20 செ.மீ. விட்டம். இரண்டு பிளைவுட் வட்டங்களை ஒன்றாகத் திருகிச் சேர்த்து, ஒரே நேரத்தில் உப்புத்தாள் போட்டு, பிறகு பிரித்தால் இரண்டும் ஒரே அளவாக வரும். விளிம்பைச் சுற்றிச் சன்மைக்கா பட்டை. மெல்லியதுதான் என்றாலும் அந்த வளைவுக்கு அடம்பிடிக்கும். ஹாட் ஏர் கன்னால் இதமாகச் சூடாக்கி வளைத்தார் அண்ணன்.

இனி உச்சி. வழக்கமாக நடு போல்ட் வெறும் சுழல்மையம், பாரம் முழுதும் மூன்று டெஃப்லான் துண்டுகளில் விழும். பாரத்தில் கொஞ்சத்தை நடுவுக்கு மாற்றிவிட்டால் உராய்வு குறைந்துவிடும். மையத்தில் எவ்வளவு பாரம் இருந்தாலும் அது சுழற்சியை அவ்வளவாகத் தடுக்காது, ஏனென்றால் அங்கே நெம்புகோல் நீளமே இல்லை. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வெட்டி வட்ட வாஷர்கள் செய்தேன். ஒவ்வொன்றாக நடு போல்ட்டில் போட்டுக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் குழாயை நிமிர்த்தித் தள்ளிப் பார்க்கவேண்டும். ஒரு கட்டத்தில் பெட்டி சட்டென்று இலகுவாகும். இன்னும் ஒன்று போட்டால் பெட்டி துண்டுகளை விட்டு எழும்பி ஆடும். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் முடிந்தது. டெஃப்லான் துண்டுகளையே மையத்துக்குக் கிட்டே நகர்த்துவது இன்னொரு வழி. ஆனால் மாடிக் காற்றில் பெட்டி சாயும் ஆபத்து இருக்கிறது, நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அதோடு பெட்டியின் முன்பலகையில், அச்சிலிருந்து 28 செ.மீ. தள்ளி, அலமாரிக் கைப்பிடி ஒன்றை வைத்தேன். 60 பாகைக்கு மேலே போனதும் ஒரு கை குழாயில், ஒரு கை இதில். நெம்புகோல் பதினைந்திலிருந்து இருபத்தெட்டு ஆகிவிடுகிறது. வாஷரும் கைப்பிடியும் சேர்ந்தபின் 200 மடங்கில் வியாழனைத் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க இரண்டு விரல் போதும். உச்சியைப் பார்க்கும்போது நேர் ஃபைண்டரில் கழுத்தை ஒடித்துக்கொள்ளவேண்டியிருக்கும், அதனால் செங்கோண ஃபைண்டருக்கு மாறிவிட்டேன். நம் அட்சரேகையில் முதலில் செலவழிக்கவேண்டிய துணைப்பொருள் அதுதான்.

காலிமேஷனைப் பற்றி (ஆடிகளை ஒரே நேர்க்கோட்டில் ஒழுங்குபடுத்துவது) எல்லா இடத்திலும் விளக்கம் கிடைக்கிறது, நான் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. அதற்கென்றே உள்ள செஷயர் ஐபீஸை வைத்துச் சரிசெய்கிறேன், ஐந்து நிமிட வேலை. நமக்கு மட்டும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். சரிபார்க்கத் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள், அது நகராது என்று வடக்கத்திய கையேடுகளில் இருக்கும். நமக்கு அது அடிவானக் கலங்கலில் கொதித்துக்கொண்டிருக்கும், நட்சத்திரத்தைச் சுற்றித் தெரியவேண்டிய ஒளிவளையங்களே தெரியாது. தை, மாசியில் மிதுனத்தின் ஆல்ஹேனா நட்சத்திரம் உச்சிக்கு ஆறரைப் பாகை பக்கத்தில் கடக்கிறது, அதைப் பிடியுங்கள். 200 மடங்கில் பார்வைப் புலத்தைக் கடக்க அதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு தடவை தள்ளி நிறுத்திவிட்டு, அது நடுவுக்கு வரும்போது பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும்.

பெட்டியை முடித்த பிறகும் கோடைத் தொடக்கத்தில் கோள்கள் தெளிவாகத் தெரியவில்லை. காரணம் மாடி. சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்த தட்டோடு இரவு ஒன்பது மணிக்கும் உள்ளங்காலில் சுடும். அந்தச் சூடு தொலைநோக்கியின் வாய்க்கு முன்னாலேயே எழும்புகிறது. இதை நீங்களே பார்க்கலாம். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, ஃபோகசை நன்றாக விலக்குங்கள். நட்சத்திரம் ஒரு ஒளித்தட்டாக விரியும். இப்போது குழாயின் வாய்க்கு முன்னால் கையை நீட்டுங்கள். தட்டில் விரல்களின் நிழல் தெரியும், ஒவ்வொரு விரலின் விளிம்பிலிருந்தும் புகை போல ஒரு அலை மேலேறுவதும் தெரியும். கையின் சூடே இவ்வளவு கலக்குமானால், நாற்பது அடி நீள மாடித்தளம் என்ன செய்யும்!

செய்தவை மூன்று. தளம் முழுக்க வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சு, வீட்டுக்கும் நல்லது. கோடையில் சூரியன் இறங்கியதும் தொலைநோக்கி நிற்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து வாளித் தண்ணீர் விடுவது, இருட்டுவதற்குள் உலர்ந்து சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். தையில் இதைச் செய்யக்கூடாது, பனி கூடும். மூன்றாவது, இடமாற்றம். முன்பு நடுமாடியில் நின்றது. இப்போது தூணும் உத்திரமும் சேரும் தென்கிழக்கு மூலையில் நிறுத்துகிறேன். அங்கே தளம் அதிராது, கீழே யாராவது படியேறினாலும் படம் நடுங்காது. தெற்கு வானமும் முழுதாகத் திறந்திருக்கும். பக்கத்து வீட்டு ஏ.சி. வெளிப்பெட்டியின் அனலும் அந்தப் பக்கம் வராது. அந்த வீட்டு அக்காவிடம் மாடி விளக்கைப் பற்றிக் கேட்டபோது, “நீங்க மேல போறன்னிக்கு ஒரு குரல் குடுங்க தம்பி, லைட்ட அமத்திடுறேன்” என்றார். அவர் மகள்தான் இப்போது சனியின் வளையத்துக்கு நிரந்தர வாடிக்கை.

கண்ணாடியின் முதுகுக்கு ஒரு விசிறியும் வைத்தேன். 120 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி, 12 வோல்ட், யூ.பி.எஸ். பேட்டரி. ஏழு ஆம்பியர்-அவர் பேட்டரி விடியும் வரை தாங்குகிறது. விசிறியை நேராகத் திருகிவிட்டால் அதன் நடுக்கம் படத்தில் தெரியும். நான்கு மூலையிலும் ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கவிட்டேன். கண்ணாடியின் முகத்தை ஒட்டிக் கிடக்கும் சூடான காற்றுப் படலத்தை அது கலைத்துவிடுகிறது. ஒன்பதரை மணிக்கு மங்கலாகத் தெரிந்த வியாழன் பத்தரைக்குக் கோடு போட்டதுபோல் வந்துவிடும்.

பனிக்கு வாய்ப்பக்கம் யோகா பாயைச் சுருட்டி ஒரு முழ நீளத்துக்கு மாட்டினால் போதும். உள்பக்கம் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினேன், தெருவிளக்கின் சிதறல் ஒளியும் அதில் அடங்கியது.

இனி பார்த்தவை. வியாழன் உச்சிக்கு அருகே இருந்த அந்தத் தை மாத இரவுகளை எவ்வளவு சொன்னாலும் போதாது. கோளின் விட்டம் 46 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). 200 மடங்கில் வெறும் கண்ணுக்கு நிலா தெரிவதைப் போல ஐந்து மடங்கு பெரிதாக. வட நடுக்கோட்டுப் பட்டையின் தென்விளிம்பில் நீலச்சாம்பல் நிறத்தில் கொக்கிகள், அவற்றிலிருந்து வெளிர் மண்டலத்துக்குள் சாய்ந்து இறங்கும் இழைகள். அயோவின் நிழல் தட்டின்மேல் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். மை வைத்து ஊசியால் குத்தியதுபோல விளிம்பு கூர்மையான கறுப்புப் புள்ளி. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருக்கும். காற்று அமைதியாகும் சில விநாடிகளில்தான் இந்த நுணுக்கங்கள் வரும். அந்த விநாடிக்காகக் கண்ணை எடுக்காமல் இருக்கவேண்டும். கை தானாகக் கோளைத் தொடர்ந்து கொண்டுபோவதால்தான் அப்படி இருக்க முடிகிறது. பெட்டிக்குச் செலவழித்த உழைப்பெல்லாம் அந்த விநாடிகளுக்காகத்தான்.

சித்திரை பிறந்தால் தென்வானம். வடக்கத்திய நாடுகளில் இருப்பவர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பதெல்லாம் நமக்கு மாடியிலிருந்து கிடைக்கிறது. தென்சிலுவை முழுதாக ஏறி நிற்கும், அதன் அடி நட்சத்திரமான ஏக்ரக்ஸ் 17 பாகையில். சிலுவையின் பக்கத்தில் நகைப்பெட்டிக் கொத்து, ஒரு செந்நட்சத்திரத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாக. அதற்குக் கிழக்கே ஆல்ஃபா சென்டாரி.

அந்த நட்சத்திரத்துக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார், ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆல்ஃபா சென்டாரி இரட்டை என்று கண்டுகொண்டார். நமக்குக் கிடைக்கிற இதே தாழ்ந்த உயரத்தில்தான் அவருக்கும் அது கிடைத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. 2016 வாக்கில் மிக நெருங்கி 4 விகலை இடைவெளிக்கு வந்தன, அதற்குப் பிறகு விலகிவருகின்றன. 19 பாகை உயரத்தில் காற்று கொதிக்கத்தான் செய்யும். ஆனாலும் வைகாசியில், தளத்துக்குத் தண்ணீர் விட்டு, பதினொரு மணிக்கு அது தெற்கே நேராக நிற்கும்போது 120 மடங்கில் பார்த்தால், நடுவே தெளிவான இருட்டோடு இரண்டு மஞ்சள் பொட்டுகள். கிழக்குக் கடற்கரையில் அந்தக் காலத்துக் குழாயில் இதைப் பிரித்தறிந்தவருக்கு எவ்வளவு கூர்மையான கண் இருந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். நம் பள்ளிப் பாடநூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதே தெற்கில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. விருதுநகர்ப் பக்கத்து வெளிச்சத்துக்கு மேலே, சுமார் 33 பாகை உயரத்தில். வெறும் கண்ணுக்கே மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். 1677இல் எட்மண்ட் ஹாலி அதை நட்சத்திரமாக இல்லாமல் ஒளிமேகமாகக் குறித்தார். சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், கோடி நட்சத்திரங்கள். 48 மடங்கில் புலத்தின் பாதியை நிறைக்கும் பால்வெள்ளை உருண்டை. 120 மடங்கில் விளிம்பிலிருந்து மையம் வரை பொடிப்பொடியாகப் பிரிகிறது, எங்கே பார்த்தாலும் இன்னும் பின்னால் இன்னொரு அடுக்கு. அக்கா மகள் இதைப் பார்த்துவிட்டு “மாமா, இது எல்லாமே சூரியனா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் உயரத்துக்கு ஐபீஸ் சரியாக எட்டியது, 49 செ.மீ. அச்சு உயரத்தில் கிடைத்த நன்மை அது.

மழைக்காலத்துக்குப் பெட்டியில் பெரிய பராமரிப்பு இல்லை. புரட்டாசிக் கடைசியில் நடு போல்ட்டைக் கழற்றி, டெஃப்லானையும் சன்மைக்காவையும் உலர்ந்த துணியால் துடைக்கிறேன், தூசி சேர்ந்தால் உராய்வு ஏறும். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடக்கூடாது. கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்துத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துகிறேன். குழாயை மூடும்போது இரண்டு முனையிலும் சிலிகா ஜெல் பைகளைக் கட்டி வைக்கவேண்டும், ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் பூச்சையே அரித்துவிடும். மணிகள் நிறம் மாறிவிட்டால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, திரும்பக் கட்டலாம். வறுத்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காமல் இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.